மைனஸ் 24 குளிரில் ஹீட் பம்ப்: பெட்டியில் ஐஸ், வீட்டில் குளிர். எது பழுது, எது வழமை?

வெள்ளவத்தையில் இருந்து ஓர் அக்கா கேட்டது இது. மகள் குடும்பம் ஒட்டாவாவில். போன வருஷம் பழைய எரிவாயு ஃபர்னஸைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப் போட்டிருக்கிறார்கள், ஏசி மாதிரியே இருந்து வீட்டைச் சூடாக்குகிற மின் இயந்திரம் அது. இந்த வாரம் அங்கே மைனஸ் 24. தெர்மோஸ்டாட்டில் 22 வைத்தாலும் வீடு 17-க்கு மேல் ஏறவில்லை. வருகிற காற்று வெதுவெதுப்புதான். வெளியே இருக்கும் பெட்டியில் ஐஸ். ராத்திரியில் அதிலிருந்து புகை போல ஏதோ கிளம்புகிறது. விடியற்காலையில் கர்ர் என்று எதிலோ உரசுகிற சத்தம். மெக்கானிக் வர நாலு நாள் ஆகும். மருமகன் கொதிநீர் ஊற்றி, ஸ்க்ரூ டிரைவரால் ஐஸைப் பெயர்க்கப் போகிறாராம். வீட்டில் எட்டு மாதக் குழந்தை. என்ன செய்யச் சொல்லலாம்?

அக்கா, முதலில் மருமகனைத் தடுங்கள். ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

நான் இப்போது காலி வீதிக்குப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் ஏசி வேலைத்தலம் வைத்திருக்கிறேன். அதற்கு முன் பதினொரு வருஷம் நோர்வேயில், ஒஸ்லோவுக்கு வெளியே, இதே ஹீட் பம்ப் வேலைதான். அங்கே எனக்கு இரண்டாவது மாரி. வயதான தம்பதி ஒருவரின் வீட்டில் வெளிக்கொயில், அதாவது வெளிப்பெட்டியில் இருக்கும் வளைகுழாய்க் கட்டு, முழுக்க ஐஸ் பிடித்திருந்தது. அவசரத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து மெல்லத் தட்டினேன். அந்த மெல்லிய அலுமினிய இதழ்களுக்குப் பின்னால் செம்புக் குழாய் ஓடுகிறது. அதன் சுவர் ஒரு மில்லிமீட்டர் தடிப்புக்கூட இல்லை. ஸ்ஸ் என்று ஒரு சத்தம் கேட்டது. நான் கையை எடுப்பதற்குள் வெள்ளையாக ஆவி அடித்தது. குழாய்க்குள் சூட்டைச் சுமந்து ஓடுகிற காஸ் எல்லாம் போய்விட்டது. புதுக் கொயில் வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் அவர்கள் இருவரும் ஒரே அறையில், விறகடுப்புக்குப் பக்கத்தில் இருந்தார்கள். அந்த அம்மா எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தார், ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. இன்றைக்கும் அது என் மனதில் நிற்கிறது. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

கொதிநீரும் வேண்டாம். மைனஸ் 24-இல் ஊற்றுகிற தண்ணீர் கீழே போய்ச் சேருவதற்குள் மறுபடி உறைந்துவிடும். பெட்டிக்கு அடியில் இருந்த ஐஸ் இன்னும் கூடும். கடுங்குளிரில் இருக்கிற உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் கொதிநீர் பட்டால் விரிசல் விடலாம். மின்சாரப் பகுதிக்குள் போனால் வேறு கதை. வெளிக்காற்று பூச்சியத்துக்குக் கிட்ட வருகிற ஒரு மத்தியானம் கிடைத்தால், கரண்டை நிறுத்திவிட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீரை மெதுவாக ஊற்றலாம். இந்த வாரம் அந்த நாள் வராது போலிருக்கிறது.

இன்றிரவு செய்ய வேண்டியது இதுதான். தெர்மோஸ்டாட்டில் எமர்ஜென்சி ஹீட் என்று ஒரு நிலை இருக்கும். அதற்கு மாற்றச் சொல்லுங்கள். அப்படி மாற்றினால் வெளிப்பெட்டி நின்றுவிடும், உள்ளே காற்றுப் போகிற பாதையில் இருக்கும் மின்சார ஹீட்டர் மட்டும் வீட்டைச் சூடாக்கும். செலவு கூடும்தான். 10 கிலோவாட் ஹீட்டர் என்றால் மணிக்கு 10 யூனிட். ஆனால் அந்த உரசல் சத்தம் இருக்கும்வரை வெளிப்பெட்டியை ஓடவிடக் கூடாது. ஃபேன் இறக்கை ஐஸில் அடிபடுகிற சத்தம் அது. ஒரு இறக்கை உடைந்து கொயிலில் போய்க் குத்தினால், நான் ஸ்க்ரூ டிரைவரால் செய்ததை அது தானே செய்துவிடும். வெறும் குளிருக்குப் பயந்து யாரும் எமர்ஜென்சி ஹீட்டில் போடத் தேவையில்லை. உரசல் சத்தம் கேட்கிறது என்பதால்தான் போடச் சொல்கிறேன்.

மாற்றிவிட்டுப் பத்து நிமிஷம் பொறுத்து, காற்று வருகிற வாயில் கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல சூடு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நாம் ஒரு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அர்த்தம்: ஹீட்டர் வேலை செய்யவில்லை. எனக்கு இதில் சந்தேகம் உண்டு, ஏனென்றால் மைனஸ் 24-இல் பம்ப் தடுமாறினாலும் ஹீட்டர் சரியாக இருந்தால் வீடு 17-இல் போய் நிற்காது. பல வீடுகளில் வெளிப்பெட்டிக்கு ஒரு பிரேக்கர், ஹீட்டருக்கு வேறொரு பிரேக்கர் இருக்கும். ஹீட்டருடையது விழுந்து கிடந்தால், மாரியில் கடுங்குளிர் வரும்வரை அது யாருக்கும் தெரியாது. விழுந்திருந்தால் ஒரே ஒரு தடவை ஏற்றிப் பார்க்கலாம். திரும்பவும் விழுந்தால் விட்டுவிட வேண்டும். இரண்டாம் தடவை விழுகிற பிரேக்கர் வயரில் உள்ள பழுதைக் காட்டுகிறது. அதை வலுக்கட்டாயமாக ஏற்றக் கூடாது.

சரி, இனி அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இது விளங்கினால் பாதிப் பயம் போய்விடும்.

உங்கள் வீட்டு ஏசி அறைக்குள் இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறது. பல்கனியில் இருக்கும் பெட்டிக்கு முன்னால் நின்றால் முகத்தில் அனல் அடிப்பது அதனால்தான். ஹீட் பம்ப் அதே ஏசி, திருப்பி ஓடுகிறது, அவ்வளவுதான். உள்ளே நான்கு வாய் உள்ள ஒரு வால்வு இருக்கிறது. அது காஸ் ஓடும் திசையை மாற்றிவிடும். அப்போது வெளியே இருக்கும் சூட்டை எடுத்து வீட்டுக்குள் கொட்டும். மைனஸ் 24-இல் வெளியே ஏது சூடு என்று கேட்பீர்கள். சூடு முற்றாக இல்லாமல் போவது மைனஸ் 273-இல். அந்தக் கணக்கில் பார்த்தால் ஒட்டாவாவின் காற்றில் இன்னும் நிறையச் சூடு இருக்கிறது. இந்தப் பெட்டிகள் பலவற்றில் ஓடுகிற ஆர்-410ஏ என்ற காஸ், சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 51 டிகிரியிலேயே கொதித்துவிடும். வெளிக்கொயிலை மைனஸ் 30 அளவுக்குக் குளிர வைத்துவிட்டால், மைனஸ் 24 காற்றே அதற்கு அடுப்பு மாதிரி.

புதுச் சரக்கும் அல்ல இது. 1850-களில் ஒஸ்திரியாவில் பீட்டர் வான் ரிட்டிங்கர் என்ற பொறியியலாளர் உப்புத் தண்ணீரை வற்றவைக்க இதே முறையைத்தான் கையாண்டார். நம் ஆனையிறவில் வெயில் இலவசமாகச் செய்கிற வேலை, அங்கே இயந்திரம் செய்ய வேண்டியிருந்தது.

இப்போது ஐஸ் விஷயம். போன மாதம் இங்கே மரைன் டிரைவ் பக்கம் ஒரு மாடி வீட்டுக்குப் போனேன். படுக்கையில் தண்ணீர் சொட்டுகிறது என்று கூப்பிட்டார்கள். ஏசியின் முகப்பைத் திறந்தால் உள்ளே கொயில் முழுக்க வெள்ளை ஐஸ். ஏசி இவ்வளவு நன்றாகக் குளிர்கிறதே என்று அந்த வீட்டு ஐயா சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பில்டர் அடைத்திருந்ததால் காற்று ஓடவில்லை, கொயில் பூச்சியத்துக்குக் கீழே போய்விட்டது, கொழும்புக் காற்றில் இருக்கும் ஈரம் அதில் படிந்து உறைந்துவிட்டது. இங்கே உள்கொயிலில் ஐஸ் என்றால் எப்போதும் பழுதுதான். ஹீட் பம்பில் குளிர்வது வெளிக்கொயில். அது எப்போதும் வெளிக்காற்றைவிடக் குளிராகத்தான் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் சூடு அதற்குள் வராது. ஆகவே அங்கே உறைபனி படிவது வழமை. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் விடியற்காலையில் தேயிலைக் கொழுந்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சங்கதி.

படிந்த பனியைப் பம்ப் தானே உருக்கிக்கொள்ளும். அதற்கு டிஃப்ரொஸ்ட் என்று பெயர். உங்கள் மகள் ராத்திரியில் பார்த்த புகை அதுவாகத்தான் இருக்கும். முதலில் வெளி ஃபேன் நின்றுவிடும். பிறகு டக் என்று வால்வு மாறும் சத்தம், அதோடு ஷ்ஷ்ஷ் என்று நீளமாக ஒரு காற்றுச் சத்தம். புதிதாகக் கேட்பவர்களுக்கு ஏதோ வெடித்துவிட்டது போலிருக்கும். வீட்டுக்குள் இருந்த சூடான காஸ் இப்போது வெளிக்கொயிலுக்குப் பாய்கிறது. ஓரிரு நிமிஷத்தில் வெள்ளைக் கொயில் கீழிருந்தோ மேலிருந்தோ கறுக்கத் தொடங்கும், தண்ணீர் வடியும், ஆவி எழும். மின்கம்ப வெளிச்சத்தில் பார்த்தால் வீடு தீப்பிடித்த மாதிரியே இருக்கும். அயலவர் தீயணைப்புக்கு அடித்த கதை எனக்குத் தெரியும். இரண்டு நிமிஷத்திலிருந்து பத்து நிமிஷத்துக்குள் வேலை முடிந்து, வால்வு திரும்பவும் மாறி, ஃபேன் சுழலும். அந்த நேரம் வீட்டுக்குள் கொஞ்சம் குளிர் காற்று வரலாம். அதை ஈடுகட்டத்தான் ஹீட்டர் கூடச் சேர்ந்து எரியும்.

இதில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. உறைபனி மிக அதிகமாகப் படிவது கடுங்குளிரில் அல்ல. பூச்சியத்துக்கும் 5 டிகிரிக்கும் இடையில், காற்று ஈரமாக இருக்கும் நாட்களில்தான். மைனஸ் 24 காற்று மிகவும் காய்ந்தது, அதில் ஈரம் கொஞ்சம்தான். அந்தக் குளிரில் ஒரு பெட்டி தடித்த ஐஸுக்குள் புதைந்து கிடந்தால், அந்த ஐஸ் பெரும்பாலும் அதற்கு முந்தைய நாட்களில் வந்தது. உறைமழையாகவோ ஈர ஸ்னோவாகவோ கொட்டியிருக்கும், டிஃப்ரொஸ்ட் சரியாக நடக்காததால் போகாமல் நின்றிருக்கும். ஆகவே மகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: போன வாரம் மழை பெய்ததா, அதற்குப் பிறகு சட்டென்று குளிர் இறங்கியதா? ஆம் என்றால் பாதிப் பதில் வந்துவிட்டது.

மீதிப் பாதியை ஐஸே சொல்லும். ஐஸ் இருக்கிறதா என்று பார்க்காமல், எங்கே இருக்கிறது, எந்த வடிவில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். யன்னலுக்குப் பக்கத்தில் நின்று ஒரு டோர்ச் அடித்தாலே போதும்.

கொயில் முழுவதிலும் ஒரே சீராக, மெல்லிய வெள்ளைப் படலம், இதழ்களின் கோடுகள் அதனூடே தெரிகின்றன என்றால் ஒன்றும் இல்லை. அடுத்த டிஃப்ரொஸ்டில் போய்விடும்.

கொயில், கூடு, மேலே ஃபேன் கம்பி எல்லாம் சேர்ந்து ஒரே கட்டி ஐஸ் என்றால், டிஃப்ரொஸ்ட் நடக்கவே இல்லை, அல்லது பாதியில் நிற்கிறது. கொயிலின் குளிரை அளக்கிற சின்ன சென்சர் பழுதாகியிருக்கலாம், பெட்டியைக் கட்டுப்படுத்துகிற மின் போர்ட் பழுதாகியிருக்கலாம், அந்த நான்கு வாய் வால்வு இறுகியிருக்கலாம். வெளி ஃபேன் சுழலாமல், காஸை அழுத்தித் தள்ளுகிற கொம்பிரசர் மட்டும் ஓடினாலும் இப்படித்தான் ஆகும், காற்று ஓடாததால் கொயில் மளமளவென்று உறைந்துவிடும். இவற்றில் எதையும் வீட்டுக்காரர் திறந்து பார்க்கக் கூடாது. மின்சாரம் நிறுத்தினாலும் உள்ளே இருக்கும் கப்பாசிட்டரில் கரண்ட் தங்கி நிற்கும்.

கொயிலின் ஒரு பகுதியில் மட்டும், பெரும்பாலும் காஸ் நுழைகிற பக்கத்தில், தடிப்பாக ஐஸ் இருந்து மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடந்தால் காஸ் குறைந்திருக்கிறது என்று நான் சந்தேகப்படுவேன். இருக்கிற கொஞ்சக் காஸ் நுழைந்த இடத்திலேயே கொதித்து முடிந்துவிடுகிறது, மிச்சக் கொயிலுக்கு வேலை இல்லை. இங்கே கொழும்பில் காஸ் இறங்கிய ஏசியிலும் இதே கோலத்தைப் பார்க்கலாம், உள்கொயிலில்.

இன்னொன்று, கொயில் சுத்தமாக இருக்கிறது, ஆனால் பெட்டிக்கு அடியில் இருந்து ஐஸ் மேடு போல எழும்பி உள்ளே போகிறது. உங்கள் மகளின் உரசல் சத்தத்துக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. டிஃப்ரொஸ்டில் உருகுகிற தண்ணீர் கீழே ஓட வேண்டும். அடித்தட்டில் அதற்கென்று துளைகள் இருக்கும். பெட்டியை நிலத்தோடு ஒட்டி சிமெந்துக் கல்லில் வைத்திருந்தால், தண்ணீர் ஓட இடமில்லாமல் அங்கேயே உறையும். அதன்மேல் அடுத்த தடவைத் தண்ணீர், அதன்மேல் அடுத்தது. ஒரு வாரத்தில் ஐஸ் ஒரு முழங்கை உயரத்துக்கு வளர்ந்து ஃபேனைத் தொடும். குளிர் நாட்டுக்கென்று செய்த பெட்டிகளில் அடித்தட்டுக்கு ஒரு சின்ன ஹீட்டர் இருக்கும், அது எரிந்து போயிருந்தாலும் இந்த நிலைமைதான். நல்ல வேலைக்காரர் பெட்டியை இரும்புத் தாங்கியில், அந்த ஊரின் ஸ்னோ மட்டத்துக்கு மேலே நிற்கும்படி வைப்பார். நோர்வேயில் நான் பார்த்த பழுதுகளில் வருத்தமானது இந்த வகைதான், ஏனென்றால் இயந்திரத்தில் ஒரு குறையும் இருக்காது, வைத்த இடம்தான் பிழை. கூரையில் இருந்து தண்ணீர் நேராகப் பெட்டியின் தலையில் சொட்டுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பீலி இல்லாத கூரை ஓரம், கீழே ஹீட் பம்ப் என்றால் பகலில் உருகி ராத்திரியில் உறைந்துகொண்டே இருக்கும்.

பெட்டியைச் சுற்றி ஸ்னோ குவிந்திருந்தால் அதை எடுக்கலாம், எடுக்கத்தான் வேண்டும். சுற்றிவர இரண்டடி வெளி விட்டால் நல்லது. தொடும் முன் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சுவிட்சை நிறுத்த வேண்டும், ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுழலத் தொடங்கும். கையுறை போட்ட கையாலும் மெல்லிய துடைப்பத்தாலும் மட்டும். மண்வெட்டி கொயில் பக்கம் போகவே கூடாது. மேலே தார்ப்பாயால் மூடுவதும் வேண்டாம், அது மூச்சுவிடுகிற இயந்திரம்.

வேலை முடிந்ததும் அந்த சுவிட்சை உடனே திரும்பப் போட்டுவிட வேண்டும். இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் ஆயிரக்கணக்கில் டொலர் போகிறது. பெட்டி நின்றிருக்கும்போது காஸ், இருப்பதிலேயே குளிரான இடத்தைத் தேடிப் போய்த் திரவமாகும். மாரியில் அந்த இடம் பெரும்பாலும் கொம்பிரசர். அங்கே இருக்கும் எண்ணெயோடு காஸ் கலந்துவிடும். அந்த நிலையில் கொம்பிரசரை ஓடவிட்டால், சோடாப் போத்தலைக் குலுக்கித் திறந்த மாதிரி எண்ணெய் பொங்கி நுரைத்து வெளியேறும், உராயும் பகுதிகள் எண்ணெய் இல்லாமல் தேயும். இதைத் தடுக்கக் கொம்பிரசரின் அடியில் ஒரு சின்ன ஹீட்டர் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். பிரேக்கரை நிறுத்தினால் அதுவும் அணைந்துவிடும். ராத்திரி முழுக்க பிரேக்கரை நிறுத்தி வைத்துவிட்டுக் காலையில் போட்டு, சரியாகிவிட்டதா பார்ப்போம் என்று உடனே ஓடவிடுகிறவர்கள் இப்படித்தான் கொம்பிரசரை இழக்கிறார்கள். மின்வெட்டு நீண்ட நேரம் நீடித்தாலும் இதே கவனம் வேண்டும். கரண்ட் வந்ததும் தெர்மோஸ்டாட்டை எமர்ஜென்சி ஹீட்டில் வைத்துவிட்டு, கையேட்டில் சொன்ன நேரம் பொறுத்துத்தான் பம்பை ஓடவிட வேண்டும். பல பெட்டிகளுக்கு அது ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் என்று இருக்கும்.

வெதுவெதுப்பான காற்றைப் பற்றிக் கேட்டீர்கள். பழைய ஃபர்னஸில் 50, 60 டிகிரியில் காற்று வந்திருக்கும். அதற்குப் பழகிய கைக்கு ஹீட் பம்பின் காற்று ஏமாற்றமாகத்தான் இருக்கும், ஏனென்றால் அது 30-க்கும் 40-க்கும் இடையில்தான் வரும். நம் உடம்பு 37. அதைவிடக் குறைந்த காற்று மேலே அடித்தால் சில்லென்றுதான் தெரியும், ஆனாலும் அது 20 டிகிரி அறையைச் சூடாக்கிக்கொண்டுதான் இருக்கிறது. கையை நம்பாமல் சமையலறைத் தெர்மோமீட்டரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: காற்றை உள்ளே இழுக்கிற வாயில் ஒரு தடவை, சூடாக வெளிவிடுகிற வாயில் ஒரு தடவை. எட்டு, பத்து டிகிரியாவது வித்தியாசம் இருந்தால் சூடு வருகிறது என்று அர்த்தம்.

வீடு ஏன் 22-க்கு ஏறவில்லை என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. வெளியே 31, உள்ளே 24 என்றால் நம் ஏசி சமாளிக்கிற வித்தியாசம் 7 டிகிரி. ஒட்டாவாவில் வெளியே மைனஸ் 24, உள்ளே 21. வித்தியாசம் 45. சுவர் வழியாகவும் யன்னல் வழியாகவும் சூடு வெளியேறுவது இந்த வித்தியாசத்தின் அளவுக்குத்தான். வெளியே மைனஸ் 5 ஆக இருந்த நாளைவிட இப்போது அந்த வீட்டுக்கு முக்கால் மடங்கு கூடுதல் சூடு வேண்டும். அதே நேரத்தில் பம்பின் பலம் இறங்கிக்கொண்டே போகிறது. 8 டிகிரி நாளில் ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று, மூன்றரை யூனிட் சூடு தருகிற பெட்டி, மைனஸ் 15-இல் இரண்டு யூனிட் அளவுக்குத்தான் தரும். இந்த இரண்டு கோடுகளும் ஓர் இடத்தில் வெட்டிக்கொள்ளும். அதற்குக் கீழே குளிர் போனால் பம்ப் தனியாகச் சமாளிக்காது, ஹீட்டர் கைகொடுக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டில் ஆக்ஸ் என்று எழுத்து வருவது அதைத்தான் காட்டுகிறது. மைனஸ் 24-இல் அது எரிவது சரி. மைனஸ் 2-இலும் நாள் முழுக்க எரிந்தால் அப்போது விசாரிக்க வேண்டும்.

பெட்டியின் கையேட்டில் அது எத்தனை டிகிரி வரை ஓடும் என்று எழுதியிருக்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். குளிர் நாட்டு மொடல்கள் மைனஸ் 25, மைனஸ் 30 வரை ஓடும். சாதாரண மொடல்கள் அதற்கு வெகு முன்பே தாங்களாக நின்றுவிடும். வெளியே குளிர் குறைந்ததும் தாங்களாகவே திரும்ப ஓடும். அப்படி நின்றிருந்தால் அது பழுதில்லை, வாங்கும்போது யாரோ சரியாகச் சொல்லவில்லை.

தெர்மோஸ்டாட்டை 26-க்கு ஏற்றினால் வீடு சீக்கிரம் சூடாகாது. பம்ப் ஏற்கனவே முழுப் பலத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, ஏற்றினால் ஹீட்டர்தான் இன்னும் அதிக நேரம் எரியும். இரவில் 16-க்கு இறக்கிவிட்டுக் காலையில் ஏற்றும் பழக்கமும் ஃபர்னஸ் காலத்துப் பழக்கம். கடுங்குளிரில் அதை விட்டுவிட்டு, 20-இலோ 21-இலோ ஒரே இடத்தில் வைத்துவிடுவது நல்லது.

பில்டரையும் மறந்துவிடக் கூடாது. மாரியில் யன்னலே திறக்காத வீடு, நம் சமையலில் தாளிப்பும் பொரியலும். மூன்று மாதத்தில் மாற்ற வேண்டிய பில்டர் ஒரு மாதத்தில் பிசுபிசுத்துக் கறுத்துவிடும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, மறுபக்கம் தெரியாவிட்டால் மாற்ற வேண்டும். சோபாவோ கட்டிலோ காற்று வாயை மறைத்து நிற்கிறதா என்றும் ஒரு சுற்றுப் பார்க்கட்டும்.

குழந்தைக்கு வருவோம். ஹீட்டர் வேலை செய்தால் நாலு நாளும் ஒரு பயமும் இல்லை. செய்யாவிட்டால் ஒரு அறையைத் தேர்ந்தெடுத்து எல்லோரும் அதில் இருப்பது நல்லது. கடையில் விற்கிற சின்ன மின்சார ஹீட்டர் 1500 வாட். அங்கே 120 வோல்ட் என்பதால் அது பன்னிரண்டரை அம்பியர் இழுக்கும். அதை நேரே சுவர் பிளக்கில் மட்டும் செருக வேண்டும், எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டவே வேண்டாம். தொட்டிலில் இருந்தும் திரைச்சீலையில் இருந்தும் மூன்றடிக்கு மேல் தள்ளி இருக்கட்டும். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: காஸ் அடுப்பைத் திறந்துவிட்டுக் குளிர் காய்வது, பார்பிக்யூ அடுப்பை வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ கொண்டுவருவது, இரண்டும் கூடாது. கார்பன் மோனொக்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. தூங்கினவர்கள் எழும்புவதில்லை.

வீடு இன்னும் குளிர்ந்தால் வெளிச்சுவரை ஒட்டிப் போகிற தண்ணீர்க் குழாய்கள் உறையலாம். சின்க்குக்குக் கீழே இருக்கும் அலுமாரிக் கதவுகளைத் திறந்து வைத்து, குழாயில் தண்ணீரை நூல் போல ஓடவிடச் சொல்லுங்கள். பிரதான வால்வு எங்கே இருக்கிறது என்று இருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

மெக்கானிக் வரும்போது ஒரு விஷயத்தில் கவனம் தேவை. கடுங்குளிரில் கேஜைப் போட்டுப் பார்த்தால் அழுத்தம் குறைவாகத்தான் காட்டும், வெளிக்காற்றுக் குளிர்ந்தால் அதுவும் இறங்கும். அதைப் பார்த்துவிட்டு காஸ் குறைவு, ஊற்றிவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்க வேண்டாம். இந்தக் குளிரில் சரியாகச் செய்கிற முறை ஒன்றுதான்: இருக்கிற காஸை முழுக்க எடுத்து, லீக் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அடைத்து, பெட்டியில் எழுதியிருக்கிற அளவைத் தராசில் நிறுத்து நிரப்புவது. காஸ் தேய்ந்து குறைகிற பொருளல்ல. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. கொழும்பிலும் வருஷா வருஷம் காஸ் அடிக்கிறோம் என்று சொல்கிற வீடுகளுக்கு நான் இதையேதான் சொல்கிறேன்.

ஹீட்டர் எரிகிறதா என்ற பதிலும், ஐஸின் படமும் எனக்கு வேண்டும். படத்தைப் பெட்டியின் நாலு பக்கமும் நின்று, டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள், நேராக அடித்தால் வெள்ளையாக மட்டுமே தெரியும். அடித்தட்டும் கால்களும் படத்தில் வர வேண்டும். போர்டில் சின்ன விளக்கு மினுங்குவது வெளியே இருந்து தெரிந்தால், எத்தனை தடவை மினுங்கி நிற்கிறது என்று பத்து வினாடி வீடியோ. ஐஸ் போய் உரசல் நின்ற பிறகு பம்பை ஓடவிட்டால், ஒரு டிஃப்ரொஸ்டில் இருந்து அடுத்த டிஃப்ரொஸ்டுக்கு எத்தனை நிமிஷம், முடிந்தபின் கொயில் கறுப்பாகச் சுத்தமானதா என்று குறித்து வைக்கட்டும். மெக்கானிக்குக் கொடுக்க அதைவிட நல்ல தகவல் இல்லை. அங்கே இரவு ஒன்பது மணி என்றால் இங்கே காலை ஏழரை. நான் எட்டு மணிக்குக் கடை திறப்பேன், அதற்கு முன் அனுப்பினால் வேலைக்குப் போகுமுன் பார்த்துச் சொல்கிறேன்.